அச்சில் வராத ஆள்

கட்டட வரைபட அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'அம்பு' என்பார்கள். கோடு போடுவது மற்றவர்கள் வேலை. அந்தக் கோட்டுக்கு அம்புக்குறி இழுத்து, இது சுவர், இது படி, இத்தனை மில்லிமீட்டர் என்று கம்ப்யூட்டரில் எழுதுவது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. பெரிய பிரிண்டரிலிருந்து இறங்கும் வரைபடத் தாள்களை வெட்டி மடிப்பது என் வேலை. எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் எண்களைப் படிப்பேன்.

ஒவ்வொரு படத்தையும் அனுப்புமுன் எண் எண்ணாகத் தொட்டுப் பார்ப்பார்.

"ஏண்ணா, எண்ணெல்லாம் எழுந்து ஓடிடுமா?"

"ஓடாதும்மா, அதான் பயம். கோட்டை நகர்த்தினா எண்ணும் தானா மாறணும். நாம கையால அடிச்ச எண்ணு மாறாது. செத்த மாதிரி அங்கேயே கிடக்கும்."

படிக்கட்டு உள்ள படங்களில் கைப்பிடியை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் நிற்பதைத் திரையில் பார்த்திருக்கிறேன். தாளில் அந்த ஆள் இருக்கமாட்டான். என் கண்ணில்தான் கோளாறு என்றிருந்தேன்.

ஒருநாள் நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"அது அச்சுக்கு வராத லேயர்மா, திரையில மட்டும் தெரியுற அடுக்கு. அவர் ஒரு பெயிண்டர்" என்றார்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு குடியிருப்பு. படிக்கட்டுக் கைப்பிடியின் உயரம் 897 என்று கம்ப்யூட்டர் காட்டியது. அவசரத்தில் அதன்மேல் 900 என்று கையால் அடித்திருக்கிறார். பிறகு இன்ஜினியர் கோட்டை 1100க்கு உயர்த்தினார். எண் அசையவில்லை. கட்டுகிறவர்கள் எண்ணைத்தான் பார்ப்பார்கள். நாலாம் மாடியில் பெயிண்ட் அடித்தவர் பின்னால் சாய்ந்தார், கைப்பிடி இடுப்புக்குக் கீழே இருந்தது. விழுந்து செத்தது அவருடைய கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டார்கள். அம்புவை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் மத்தியானம் முதலாளி வந்து நின்றார். "அம்பு, அதே குடியிருப்புக்கு ரெண்டாவது பிளாக். பழைய படிக்கட்டு ஷீட் அப்படியே போகட்டும்."

அவர் போனதும் மெல்லச் சொன்னேன். "எண்ணை மட்டும் மாத்திடுங்கண்ணா. யாருக்குத் தெரியப்போகுது?"

"புதுசுக்கு மாத்திடலாம். பழைய பிளாக்ல இன்னும் அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுத்தானே குழந்தைங்க இறங்குது? அதைச் சொன்னா நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

திரைப் பக்கம் திரும்பி எதையோ தட்டினார். பிறகு பிரிண்டர் ஓடியது. தாள் இறங்க இறங்க நான் எண்ணைத் தேடினேன். 1100. அதன் பக்கத்தில், கறுப்பாக, அந்த ஆள். என் கை வெட்டாமல் நின்றது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "யாருய்யா இது, வழி கேட்டு நிக்கிற மாதிரி? அழிச்சிட்டுக் குடு."

அம்பு எழுந்தார்.

"அழிக்க முடியாது சார். உள்ளே வந்து உட்காருங்க, சொல்றேன்."

இருவரும் உள்ளே போக, முதலாளியின் அறைக் கதவு சாத்திக்கொண்டது. நான் தாளை வெட்டினேன். அந்த ஆள் மேல் மடிப்பு விழாதபடி மடித்து வைத்தேன்.