தெற்கு மூலையில் கிடைத்த புல்

என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் கொட்டாவி விடுவார். சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பனில் கனம் கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. மரங்கள் கனமானதை நிறைய ஒதுக்கிவிடும். வெயிலும் வறட்சியும் தாங்கும் புற்கள் அவ்வளவு ஒதுக்காது. இலையும் வேரும் மக்கி மண்ணான பிறகும் அந்த வித்தியாசம் அதில் தங்கிவிடும். அடிமண்ணை எடுத்துப் பார்த்தால், முன்பு அங்கே காடு நின்றதா, மழை குறைந்த காலத்தில் புல்வெளி கிடந்ததா என்று சொல்லலாம்.

பாறசாலைப் பக்கத்து மேடுகள் ஒரு காலத்தில் புல்வெளிதான் என்பது என் கட்சி. என் பேராசிரியர் நம்பவில்லை. மண்ணைக் கொண்டு வந்து நிரூபி, இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டார். என் உழைப்பில் பாதி அந்த அத்தியாயம். ஊரார் நிலத்தில் போய்த் தோண்டினால், சர்க்கார் நிலம் எடுக்க வந்திருக்கிறது என்று கூட்டம் கூடிவிடும். அதனால் அந்த மேடுகளில் ஒன்றில், ரப்பர் மரங்கள் நிற்கும் எங்கள் விளையிலேயே இறங்கினேன்.

எங்கே வைத்துத் திருகினாலும் துளைக்கருவி வெட்டுக்கல்லில் முட்டி நின்றது. தெற்கு மூலையில் மட்டும் சுகமாக இறங்கியது. கறுத்த, பொலபொலவென்ற மண். நமக்கும் ஒரு நல்ல காலம் வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனையில் மேலிருந்து கீழ்வரை புல். தலைகால் புரியாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“நம்ம விளை முழுக்கப் புல்லு நின்ன எடமாக்கும் அண்ணா.”

“எங்க தோண்டின?”

“தெக்கு மூலையில.”

அவன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நல்ல ஆராய்ச்சி. அங்கயில்லா நம்ம சாணிக்குழி கெடந்துது. மறந்து போச்சா மக்கா?”

மறந்துதான் போயிருந்தது. நான் விடுதியில் படித்த காலத்தில் தொழுவத்தை இடித்து, குழியை மூடி, ரப்பர் வைத்துவிட்டார்கள். பசு தின்ற புல் சாணியாகி மண்ணில் இறங்கியிருக்கிறது. அதைத்தான் நான் ஆதிகாலத்துப் புல்வெளி என்று கொண்டாடியிருக்கிறேன்.

அந்தச் செவலைப் பசு மகா திமிர் பிடித்தது. அம்மாவைத் தவிர யார் கிட்டே போனாலும் உதைக்கும். என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அம்மா அரிவாளோடு ரயில் பாதை ஓரம் போவாள். சாயங்காலம் நான் திரும்பி வரும்போது முற்றத்தில் பெரிய புல்லுக்கட்டு கிடக்கும். அம்மாவின் கழுத்தில் பச்சைப் புல் மணம் வீசும். எனக்கு அந்த மணம் அவ்வளவு பிடிக்கும். அந்தப் பால் விற்றுத்தான் நான் படித்தேன். அம்மா போன பிறகு அந்த மணம் எங்கேயும் கிடைக்கவில்லை.

மறுபடியும் போனேன். விளையின் உச்சியில், கையாலை என்கிற பழைய மண்சுவருக்கு அடியில், கல் இல்லாத ஓர் இடுக்கைத் தேடிப் பிடித்து ஆழத்து மண்ணை எடுத்தேன். சோதனையில் அடியிலிருந்து மேல்வரை மரம்தான். அத்தியாயம் போயிற்று. ஆய்வகக் கழிவறையில் நின்று வாய்விட்டு அழுதேன்.

தெற்கு மூலை மண் எதற்கும் உதவாது, கொட்டிவிடு என்றார் பேராசிரியர். சரி என்று தலையாட்டிவிட்டு ஒவ்வொரு புட்டியாகக் கொட்டினேன். கடைசிப் புட்டியைக் கொட்டக் கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். எங்கள் மேட்டில் புல்வெளி ஒருநாளும் கிடந்ததில்லை. அங்கே வந்த புல்லெல்லாம் அம்மா தலையில் ஏறி வந்ததுதான்.