வினாக்கொத்தின் பின்பக்கத்தில் நான் எழுதியது

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கை மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் எங்கள் பகுதியின் வேலை. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் உயர்தரம் பாஸாகிய முதல் பெண் நான். ஆறு வருடம் கந்தோரின் அந்தப் பகுதியில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். தோட்டத்துச் சனங்கள் என் மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பிறகு அவள் வந்தாள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தமிழ்ப் பெண், என்னைவிட எட்டு வயது இளையவள். சிங்கள வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள் என்பதால் சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உயர்தரத்தை இரண்டாம் தடவைதான் பாஸாகியிருந்தாள் என்பதை வந்த வாரத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது எனக்கு எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு நாள் அவள் லீவு. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி மழையில் நனைந்த கம்பளியோடு என் மேசைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"என்ன வேணும், சொல்லுங்க."

"இல்லைங்க மிஸ், நாளைக்கே வாறேன்ங்க. அந்தச் சின்ன மிஸ் இருந்தா நல்லாயிருக்கும்."

ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மலை இறங்கி வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த வருடம் ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், பல்கலைக்கழக விரிவுரையாளர். அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களின் மனப்பாங்குக்கும் வேலையின் வினைத்திறனுக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் வினாக்கொத்து ஒன்றைக் கொடுத்தார்.

"ஒருத்தரும் பேர் எழுத வேண்டாம். மனசில உள்ளதை அப்படியே எழுதுங்கோ. பின்பக்கத்தை வெறுமையா விட்டிருக்கிறன். வேலைக்கு எது தடையா இருக்குதெண்டு அதில எழுதலாம்."

'என் வேலை எனக்குத் திருப்தி தருகிறது', 'சக ஊழியர்களை மதிக்கிறேன்' என்று வரிசையாகக் கூற்றுகள். ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். அவள் மூன்று நாள் எடுத்தாள். சில இடங்களில் இரண்டு போட்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். அகப்பட்டுக்கொண்டாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ஆராய்ச்சிக்காரர் இரண்டு வாரம் ஆட்கள் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு பேசிக் குறித்துக்கொண்டார். நான் கொட்டகலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, யாரும் வருவதற்கு முன்னே மேசையைத் துடைத்து வைத்தேன். ஆனால் பத்து மணித் தேநீருக்கு அவர் அவளைத்தான் கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருவரும் சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

அந்தக் கோபத்தில், நிரப்பியும் இன்னும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த வினாக்கொத்தை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதினேன்.

எழுதியது பொய் இல்லை. முந்தின மாதம் ஒரு கிழவர் வந்திருந்தார். பிறந்த இடம் கேட்டால் "ஆத்துத் தோட்டமுங்க" என்றார். தோட்டங்களுக்குச் சனங்கள் வைத்த பெயர் வேறு, பதிவில் இருக்கும் இங்கிலீஷ் பெயர் வேறு. ஆத்துத் தோட்டம் என்று மூன்று நான்கு இடங்களைச் சொல்வார்கள். நானாக இருந்தால், தோட்டத்தில் போய் எழுதி வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருப்பேன். அவளோ பக்கத்தில் நாற்காலி போட்டு, கோயில் எந்தப் பக்கம், பாலம் எத்தனை, கணக்கப்பிள்ளை யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வரிசை வாசல்வரை போய்விட்டது. அதைத்தான் எழுதினேன்: 'வாசல்வரை ஆட்கள் நிற்கும்போது ஒரு பணியாளர் ஒரு கிழவரோடு ஊர்க்கதை பேசுகிறார்.'

சில மாதங்களுக்குப் பிறகு அறிக்கையின் சுருக்கம் வந்தது. எங்கள் மேலதிகாரி சிங்களவர். ஊழியர் கூட்டத்தில், மற்றப் பகுதிகளின் தமிழ் ஊழியர்களுக்காகத் தமிழ்ப் பிரதியை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் என் வாக்கியமே, மேற்கோள் குறிக்குள், என்னை எதிர்கொண்டது. நிறுத்த முடியவில்லை, வாசித்தேன். அதற்குக் கீழே, இப்படி உட்கார்ந்து பேசிய பணியாளரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தடவையில் வேலையை முடித்துக்கொண்டார்கள் என்றும், வரிசை வேகமாக நகர்ந்த மேசைக்கு அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்றும் இருந்தது. அந்த வேகமான மேசை என்னுடையது.

மேலதிகாரி வாசலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மேசை போட்டு, படிவம் நிரப்ப உதவும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்தார். நான் செய்த முறைப்பாடு அவளுக்கு உத்தியோக உயர்வாகப் போய்ச் சேர்ந்தது.

அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அந்தத் தாத்தா வந்த அன்னைக்கு நம்ம பகுதியில நீங்களும் நானும்தான் இருந்தோம்."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"எம்மேல கோவம்னா நேரா சொல்லியிருக்கலாமே. நான் கேட்டிருப்பேன்ல?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

"பின்ன என்னாங்க அக்கா?"

பொறாமை என்று சொல்ல வாய் வரவில்லை. "வரிசை நீளமா இருந்துச்சு, அதான்" என்றேன். அவள் தலையாட்டினாள். பஸ் வந்ததும் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகும் நான்கு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவள் செய்வதைப் பார்த்து நானும் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். அவளிடம் கேட்டுச் செய்ததாகத் தெரியக்கூடாது என்று அவள் லீவில் இருந்த நாளில்தான் போட்டேன். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், பேசினார்கள். வேலை நன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் ஒவ்வொரு படிவத்தையும் முடிக்கும்போது, அவள் இதை இன்னும் நன்றாகச் செய்திருப்பாளோ என்றுதான் தோன்றும்.

பதவி உயர்வுப் பரீட்சை பாஸாகி அவள் நுவரெலியாவுக்கு மாற்றலானாள். பிரியாவிடையில் பேசும்படி என்னைத்தான் கேட்டார்கள். அவளுடைய பொறுமையைப் பற்றி, சனங்களிடம் அவள் பேசும் விதத்தைப் பற்றிப் பேசினேன். சொன்னதெல்லாம் உண்மை. பலர் கண் கலங்கினார்கள். அவளும் அழுது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. நாளையிலிருந்து அவள் வரமாட்டாள் என்ற நினைப்பில் வந்த லேசு அது.