சிங்ககட் வாசலில் அப்பா

ஓய்வுபெற்றபின் 2014இல் நானும் மனைவியும் மால்டா தீவுக்குப் போனோம். அங்கே கோட்டையில் நண்பகல் பீரங்கி வெடித்தபோது அப்பாவின் காக்கிச் சட்டை வாசனை வந்தது. அப்பாவுக்குப் புனே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை.

நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க ஆசைப்பட்டாள் என்று புனே பக்கத்திலிருக்கும் சிங்ககட் கோட்டைக்கு மலையேறினோம். வாசலில் அப்பா நின்றுவிட்டார்.

“பாஸ் இல்லாம உள்ள போவக் கூடாது.”

“கதவு தெறந்துதான கெடக்கு? ஆடுகூட உள்ள மேயுதுங்க,” என்றாள் அம்மா.

“ஆட்டை எவனும் சஸ்பெண்ட் பண்ண மாட்டான்.”

வாசலோடு திரும்பி இறங்கினோம். பிறகு நானும் அரசாங்க வேலைக்குப் போனேன்; விதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படியொரு விதியே கிடையாது. அம்மா கடைசிவரை அந்தக் கோட்டையைப் பார்க்கவில்லை.

“பீரங்கிகிட்ட போலாம், வரீங்களா? இல்ல, அனுமதி கேட்டு யாருக்காவது மனு எழுதணுமா?” என்றாள் மால்டா கோட்டையில் என் மனைவி.

பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிவிட்டாள். நான் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.