சாணி டொக்டரும் தீட்டுப்பாலும்

எங்கள் பசுவின் முதல் இரண்டு கன்றுகளும், புல்லில் வாய் வைப்பதற்கு முன்பே, வெள்ளையாகக் கழிந்து வயிறு ஊதிச் செத்துப்போயின. மூன்றாவது சினை நின்றதும் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டோம். குடியிருந்த ஒற்றை அறை, அந்த லயத்துக் காம்பராவும் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். எங்களுக்கென்று இருந்தது அந்தப் பசு ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் மாட்டு நோய் ஆராய வந்துபோனவர் ஒரு சிங்கள டொக்டர். எங்கள் தமிழையே எங்களைப் போலப் பேசுவார். எங்கள் இரண்டாவது கன்றின் குடலை அறுத்து, உள்ளே கற்றை கற்றையாக வெள்ளைப் புழுக்கள் கிடந்ததைக் காட்டியவர் அவர்தான். பால் மட்டுமே குடித்த கன்றுக்குள் புழு எந்த வழியாக வந்தது? இந்த ஒரு கேள்விக்காகவே அவருடைய வாலிபம் போய்க்கொண்டிருந்தது. மழையென்றும் பனியென்றும் பாராமல் மாட்டுப்பட்டி மாட்டுப்பட்டியாக ஏறி, டின்னில் சாணி அள்ளிப் போவார். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்கு அது சிரிப்பு.

"சாணி டொக்டரு வாறாரு. வாசல் தெளிக்க வச்சிருக்கத ஒளிச்சு வைங்கடி."

"கொஞ்சம் மிச்சம் வைங்க அக்கா, எங்க வீட்டுலயும் வாசல் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போவார்.

புழு தாய்ப்பாலில்தான் வருகிறது என்பது அவருடைய எண்ணம். கன்று போட்ட வீடுகளிலெல்லாம் பால் வாங்கி, கண்ணாடிக் குழாயில் தெளியவைத்து, அடியில் தங்கியதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எங்கள் மாட்டுப்பட்டி வாசலில் வந்து குந்திக்கொண்டார்.

"இந்த மாசத்தோட சரி அண்ணே. ஆராய்ச்சி போதுமாம். என்னைய கோழிக்கு ஊசி போட அனுப்புறாங்க."

எனக்கு மனசு பொறுக்கவில்லை. "எங்க மாடு இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும் ஐயா. தீட்டுக் கழிஞ்சு அம்மனுக்கு ஊத்துனதும் ஒங்களுக்குத்தான் பாலு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தீட்டா?"

"பதினோரு நாளு. கன்னு குடிச்சது போக மிச்சத்த, கால் படாத எடத்துல ஊத்திருவோம்."

"எல்லா வீட்டுலயுமா?"

"பின்னே? ஒங்களுக்குப் போயி தீட்டுப்பாலக் குடுப்பாங்களா? நல்ல பாலாப் பாத்துத்தான் குடுத்திருப்பாங்க."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கு அந்தத் தீட்டுப்பால்தான் வேணும் அண்ணே."

என் சம்சாரம் ஒப்பவில்லை. "சாமிக்கு முந்தி மனுசனுக்கா? ரெண்டு கன்னு போனது பத்தாதா?" என்றாள். கன்று பிறந்த மறுநாள் டொக்டர் வந்து நின்றபோது அவளே கேட்டாள்.

"பால நீங்க குடிக்கப் போறீங்களா?"

"இல்ல தங்கச்சி, பாக்க மட்டுந்தான்."

"பாத்தா கன்னு பொழைக்குமா?"

"புழு பாலுல வருதுன்னு தெரிஞ்சா, அது வளர முந்தி எப்ப மருந்து குடுக்கணும்னு சொல்லிருவேன். தெரியலன்னா இந்தக் கன்னுக்கும் எனக்கு வழி தெரியாது."

அவள் பசுவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "குடிக்கத்தான் தீட்டு. பாக்குறதுக்கு என்ன தீட்டு?" என்று செம்பை எடுத்தாள். மாரியாத்தா பெயரைச் சொல்லிக்கொண்டே கறந்தாள்.

காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கருவியை வைத்தார். அன்றைய பாலில் ஒன்றும் இல்லை. மறுநாள் பாலிலும் இல்லை. அதற்கடுத்த நாள் காலை, குனிந்தவர் நிமிரவேயில்லை. பிறகு மெல்ல விலகிக்கொண்டு, "தங்கச்சி, நீங்க பாருங்க" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "மயிரு மாதிரி ஒண்ணு. சுருளுது, நீளுது. உசிரோட இருக்குங்க."

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பீலிக்கரைக் கூட்டம் முழுக்க எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. ஒருத்தி பார்த்துவிட்டு, "இத்தினூண்டுக்கா இத்தன சாணி அள்ளுனீங்க?" என்றாள்.

"ஆமாக்கா, இதுக்குத்தான்."

அவர் குறித்துக் கொடுத்த நாளில் மருந்தைப் புகட்டினோம். செத்த புழுக்கள் சாணியோடு வெளியே வந்தன. கன்று துள்ளிக்கொண்டு திரிந்தது. அம்மனுக்குப் பால் ஊற்றியபோது டொக்டரும் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு நின்றார். புழு வந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டதால் அவருடைய ஆராய்ச்சியை யாரும் நிறுத்தவில்லை. பிறகு பெரிய பதவிக்கு வந்து, சீமைக்கும் போய் இதைப் பற்றிப் பேசினார். சுற்றுத் தோட்டங்களில் கன்று வளர்த்த வீடுகளுக்கெல்லாம் அவர் மருந்து போய்ச் சேர்ந்தது. எல்லாம் ஆத்தா காட்டிய வழி.

பிழைத்த கன்று வளர்ந்து, தானும் கன்று போட்டது. அன்று என் சம்சாரம் யாரும் கேட்காமலே சின்னப் போத்தல் ஒன்றை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"எதுக்கு?" என்றேன்.

"டொக்டரு பங்கு" என்றாள்.