சிட்னிக்குப் போன வருடம்

ஈரக் கம்பளியில் நீராவி படும்போது ஒரு மணம் எழும். மழையில் நனைந்த ஆட்டின் மணம் என்பாள் மச்சாள். மெல்பேர்னில், ஸ்பிரிங்வேல் சலவைக் கடையில் இன்றும் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடக் கோட்டை விரித்து அயன் பெட்டியை வைத்ததும் அந்த மணம் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மேசையில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள்.

மச்சாள் என் கணவரின் தங்கை. ஒரே படகில் வந்து, தற்காலிக விசாவோடு, எதிரெதிரே நின்று ஊரார் உடுப்புகளை அயன் பிடித்து மினுக்கினோம். என் மகனும் அவள் மகளும் ஒரே வகுப்பு. இந்த விசாக்காரரின் பிள்ளை பல்கலைக்கழகம் போவதென்றால் வெளிநாட்டு மாணவர் கட்டும் கட்டணம் கட்டவேண்டும். ஆயுள் முழுக்க மினுக்கினாலும் எங்களால் முடியாது. மிக நல்ல புள்ளி எடுத்தால் எங்கேயாவது ஒரு கதவு திறக்காதா என்பதுதான் எங்கள் இருவரின் செபமும்.

அதனால்தான் பதினோராம் வகுப்புக்கு மகனைச் சிட்னிக்கு, என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். நல்ல ரியூஷன் அங்கேதான் என்று எங்கள் சனம் சொல்லும். அங்குள்ள எங்கள் சனம் மெல்பேர்னைச் சொல்லும் என்பது பிறகுதான் தெரிந்தது. கடை முழுக்கப் பெருமை பேசித் திரிந்தேன். மச்சாள் மடிப்பெடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்குச் சிட்னியில ஆர் இருக்கினம்” என்று ஒரு தரம் சொன்னாள், அவ்வளவுதான். மகனைப் பஸ் ஏற்றிவிட எல்லோரும் வந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு அவன் திரும்பி வந்த பிறகுதான் எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. எங்கள் பிள்ளைகளுக்கும் இனி உதவித்தொகை உண்டு. தமிழ் வானொலியில் கேட்டதும் நானும் மச்சாளும் கடைக்குள்ளேயே கட்டிப்பிடித்து அழுதோம். பின்னேரம் மகன் நிபந்தனைகளை வாசித்தான். உயர்பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களையும் இந்த மாநிலத்திலேயே படித்திருக்கவேண்டும். சிட்னி வேறு மாநிலம். கணினியை மெல்ல மூடிவிட்டு, “இற்ஸ் ஓகே, அம்மா” என்றான். எழுதிக் கேட்டுப் பார்த்தோம். சட்டத்தில் விலக்குக்கு இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

பொறாமையும் நீராவி மாதிரித்தான். கண்ணுக்குத் தெரியாது, கை வைத்த பிறகே சுடும். அந்தப் பெட்டை, மச்சாளின் மகள், என் மகனைவிடக் கெட்டிக்காரி இல்லை. ஸ்பிரிங்வேலை விட்டு அசையவில்லை, அதுதான் அவள் செய்த சாதனை. போக வழியில்லாமல் இருந்ததற்கா பரிசு? மச்சாளின் சிரிப்பு, நடை, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் சத்தம், ஒன்றுமே எனக்குப் பிடிக்காமல் போனது. மகளுக்கு உதவித்தொகை கிடைத்ததென்று அவள் தேவாலயத்தில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டுக் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்தேன். பக்கத்து அறையில் மகன் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கேரம் டவுன்ஸில் ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறான். இன்றும் அதே வேலைதான்.

மகள் படிக்கப்போகும் ஊருக்கே அவர்கள் குடிபெயர்ந்தார்கள். வேலையின் கடைசி நாளில் மச்சாள் ஒரு பள்ளிக்கூடக் கோட்டை மினுக்கிக் கம்பியில் கொளுவினாள். நனைந்த ஆட்டின் மணம் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. கதவடியில் பையைத் தோளில் போட்டபடி திரும்பினாள். அடிக்கடி வருவேன் என்று பொய் சொல்வாள், நானும் தலையாட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“உமக்கு வந்த காய்ச்சல் எனக்கு முதலே வந்தது, மச்சாள்” என்றாள். “நீர் பெடியனைப் பஸ் ஏத்தின அண்டைக்கு. சரி, போட்டு வாறன்.”