கடைசியில் சாப்பிடுகிறவள்

2003ஆம் வருடம், ஆடி மாதம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளராக இருந்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம், இரண்டு பிள்ளைகள். அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள் என்று ஒரே வீட்டில் எட்டுப் பேர்.

என் மனைவி வந்த புதிதில் வீடு அதிரச் சிரிப்பாள். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆளே மாறிப்போனாள். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவாள். காரணமில்லாமல் அழுவாள். அடுப்பில் பால் பொங்கி வழியும், பார்த்துக்கொண்டே நிற்பாள். பாதம் மரத்துப்போகிறது, நாக்கு எரிகிறது என்பாள். உடம்பு வணங்காமல் சாக்கு சொல்கிறாள், திமிர் என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு சந்தேகமும் வந்தது. நானும் அம்மாவும் பேசினால் கதவோரம் வந்து நிற்பாள். ஒரு நாள், “என்னத் தொரத்திட்டு வேற ஒருத்தியக் கொண்டாரப் பேசிக்கினு இருக்கீங்க” என்று தட்டைத் தூக்கி எறிந்தாள். அது பெரியவன் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. அன்றைக்கு அவளை அறைந்தேன்.

காற்று கருப்பு பட்டிருக்கும் என்றாள் அம்மா. ஊருக்கு வெளியே பேய் ஓட்டுகிற ஒருவரிடம் கூட்டிப்போனோம். வேப்பிலையில் தொடங்கி பிரம்புக்கு வந்தார். அவள் திமிறினாள். “கையப் புடிச்சிக்கோப்பா” என்றார் என்னிடம். பிடித்துக்கொண்டேன். “வேணாம்னு சொல்லுங்க” என்று என் முகத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். கிளம்பும்போது, ஒன்பது வெள்ளிக்கிழமை பட்டினி விரதம் இருக்கவேண்டும் என்றார் அவர். இருக்க வைத்தோம்.

ஐந்தாவது வெள்ளி, தண்ணீர் பிடிக்கப் போனவள் தெருக்குழாயடியில் மயங்கி விழுந்தாள். செய்தி கேட்டு மறுநாள் காலை வந்த அவளுடைய அண்ணன் அவளை ஆட்டோவில் ஏற்றி ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். நான் பின்னால் சைக்கிளில் போனேன்.

டாக்டரம்மா அவள் கண்ணை, நாக்கை, பாதத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவங்க நேத்து என்ன சாப்ட்டாங்க?”

எனக்குத் தெரியவில்லை. முந்தாநாள் என்ன என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. கடைக்கு வரும் முன்பின் தெரியாத பெண்களிடம்கூட “சாப்ட்டீங்களாம்மா” என்று விசாரித்துவிட்டுத்தான் புடவையைப் பிரிப்பேன்.

அவளே மெல்லச் சொன்னாள். “நேத்து விரதம்மா. மத்த நாள்ல காலைல வரக்காப்பி. மத்தியானம் எல்லாரும் சாப்ட்டப்பறம் சோறு, ரசம் மிச்சம் இருக்கும். ராத்திரி இருந்தா சாப்பிடுவேன்.”

“பாலு, தயிரு?”

“அது அவங்களுக்கும் பசங்களுக்குமே சரியாப் பூடும்மா.”

“பருப்பு, காயி?”

இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளுடைய அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகை முற்றியிருந்தது. பி12 என்கிற சத்து அநேகமாக இல்லவே இல்லை. “மனசு சரியில்லாத எல்லாருக்கும் சாப்பாடுதான் காரணம்னு சொல்லமாட்டேன். இவங்களுக்கு அதான்” என்றார் டாக்டரம்மா. “இந்தச் சத்து கொறஞ்சா நரம்பு கெடும், மனசும் தடுமாறும். உங்க வீட்ல கவுச்சி கெடயாது. பாலு தயிர்லதான் கொஞ்சமாவது கெடைக்கும். அதயும் நீங்க மிச்சம் வெக்கல.” சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்.

ஊசி போட்டுக்கொண்டு ஆறு மாதம் அண்ணன் வீட்டில் இருந்தாள். வேளாவேளைக்குச் சாப்பாடு, தினமும் தயிர், பருப்பு, கீரை. அழுகை நின்றது, சந்தேகம் போனது. பாதத்தில் மட்டும் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை.

கூட்டிவரப் போனபோது என்னை உட்காரச் சொன்னாள். தெளிவாகப் பேசினாள். நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக.

“புத்தி சரியில்லாதப்ப நடந்ததெல்லாம் மறந்திருப்பேன்னு நெனச்சிக்கினு வந்தீங்களா? எல்லாம் ஞாபகம் இருக்குது. பசங்களுக்காக வரேன். உங்க அம்மா இருக்கற ஊட்டுக்கு வரமாட்டேன்.”

தனியாக வீடு பார்த்தோம். இன்றுவரை நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். சண்டையில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், பலமுறை. “சரி, விடுங்க” என்பாள்.

என் கண்ணெதிரே ஒருத்தி வருடக்கணக்கில் பட்டினி கிடந்தாள், அதற்கு நான் வைத்த பெயர் திமிர் என்பதை நினைக்காமல் இன்றுவரை ஒரு வேளைகூட என்னால் சாப்பிட முடிந்ததில்லை.