கணக்குப் போட்டால்தான் தோசை

சென்ற சனிக்கிழமை தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டேன். பக்கத்து மேசையில் என் மகள் ஏதோ கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சூடான எண்ணெயும் ரப்பர்த் தூளும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டேன். இதே கேட்டி ஊர்தான். அப்போது இங்கே நெல்வயல் கொஞ்சம் மிச்சமிருந்தது. நம்புங்கள், டெக்சாஸில் நெல்வயல்.

என் அம்மாவிடம் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்குள் கால் வைக்கும் எந்தப் பிள்ளையும் முதலில் பத்துக் கணக்குப் போட வேண்டும், அப்புறம்தான் தோசை. என் பிறந்தநாளுக்கு வந்தவர்களைக்கூட விட்டதில்லை. தமிழ்த் தோழிகள் எங்கள் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அந்தக் கொடுமைதான் அவரவர் வீட்டிலேயே இருந்ததே! மாரிசோல் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வருவாள். ஊரை இரண்டாக வெட்டிப் போகும் ஃப்ரீவே நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் அபார்ட்மெண்டில் இருந்த மெக்சிகோக் குடும்பத்துப் பெண். பள்ளி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை. தோசைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பத்தும் முடித்துவிட்டு இன்னொரு கணக்குக் கேட்டாள். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

எங்கள் பள்ளியில் கணக்குக்கு மேல் வகுப்பு, கீழ் வகுப்பு என்று இரண்டு. மேலே வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் நாங்களும். கீழே பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிகோப் பிள்ளைகளும். அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கணக்கு வகுப்புக்கு மணி அடித்ததும் வராந்தா தானாகவே நிறம் பிரிந்து நடக்கும். அந்த வருடத் தேர்வில் மாரிசோல் என்னைவிட ஏழு மார்க் அதிகம். என்னை மேலே போட்டார்கள், அவளைக் கீழே. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இனிமேல் சனிக்கிழமை வரமாட்டேன், கணக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது என்றாள்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

“ஜாஸ்தி மார்க் வாங்கினவளைக் கீழ போட்டுட்டு, இவளை எதுக்கு மேல போட்டாங்களாம்?”

“அவங்க ஸ்கூல், அவங்க ரூல். நமக்கு எதுக்கு வம்பு? கிரீன் கார்டே இன்னும் வரல” என்றார் அப்பா.

“கணக்கு எல்லா ஊருக்கும் ஒண்ணுதாங்க.”

மறுநாள், யாருக்கு எந்த வகுப்பு என்று முடிவு செய்யும் பள்ளி கவுன்சிலர் முன்னால் என்னையும் உட்கார வைத்தாள். வாத்தியாரைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? ஒரு டப்பா மைசூர்பாகு. பரிசு வாங்கக்கூடாது என்று அவர் தள்ளிவைக்க, சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று அம்மா இன்னொரு டப்பாவில் முறுக்கை எடுத்தாள். நான் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

“ஷீ ஹேஸ் மோர் மார்க்ஸ். இஃப் ஷீ நாட் கோயிங், மை டாட்டர் ஆல்சோ நாட் கோயிங்” என்றாள் அம்மா.

இந்தியப் பிள்ளைகள் கணக்கில் எப்படியும் கெட்டிக்காரர்கள், கவலை வேண்டாம் என்று அவர் சமாதானம் சொன்னார்.

“யூ டோன்ட் நோ மை டாட்டர்.”

என்னை நன்றாக அறிந்தவள் அம்மா. அடுத்த திங்கட்கிழமை மாரிசோல் மேல் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்பின் அந்த வகுப்பை நான் கரையேறியது அவள் புண்ணியத்தில். இன்று அவள் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். நான் விளம்பரத்துக்கு வாசகம் எழுதுகிறேன். அவரவருக்கு எது வருமோ அது வந்தது. அம்மாவை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமைதான்.

அதே பள்ளிக்குத்தான் என் மகளும் போகிறாள். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் முதல்வர் மேடையேறி, இனத்துக்கு இனம் கணக்கு மார்க்கில் இருந்த இடைவெளி நம் பள்ளியில் அறவே இல்லை என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். என்னைப் போன்ற முகங்கள்தான், வரிசை வரிசையாக.

தோசையைத் தட்டில் போட்டபடி மகளிடம் கேட்டேன். “ஃப்ரீவேக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து உங்க கிளாஸுக்கு யாராவது வராங்களாடி?”

“தே ஹேவ் தேர் ஓன் ஸ்கூல், அம்மா” என்றாள், தலை நிமிராமல்.

வயல்கள் வீடுகளானபோது, எந்தப் பகுதிப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்ற எல்லையையும் மாற்றிப் போட்டார்களாம். இடைவெளி எங்கேயும் மறைந்துவிடவில்லை, ஃப்ரீவேயைத் தாண்டிக் குடிபோயிருக்கிறது. மாரிசோலை ஏற்றி வந்த பஸ்தான் இப்போது இல்லை.